ஒரே நுகத்தில் இரண்டு எஞ்சின்: டிசிசி ஓட்டத்தில் வேகம் பொருத்துவது எப்படி

டெல்டாவிலிருந்து நெல் ஏற்றிப் போகும் 42 வேகன் சரக்கு ரயிலை மாதிரியாக ஓட்ட நினைப்பவர்கள், முன்னால் பொன்மலை ஷெட்டின் இரண்டு ஏல்கோ வகை டீசல் எஞ்சின்களைக் கோர்க்கத்தான் ஆசைப்படுவார்கள். கடையில் ஒரே பெட்டி வடிவத்தில் வாங்கிய இரண்டு டபிள்யூடிஜி-3ஏ (அந்த ஏல்கோ வகைதான்) மாடல்களைச் சேர்த்துக் கோர்த்து த்ராட்டிலைத் திருப்பியதும் வில்லங்கம் தெரியும். ஒன்று முன்னால் பாய்கிறது, மற்றது பிடித்து இழுக்கிறது, சக்கரம் வழுக்குகிறது, வளைவில் காலி வேகன் உள்பக்கமாகச் சாய்கிறது. சோடி சேராத மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான்.

நிஜ எஞ்சின்களுக்கு இந்தச் சங்கடம் இவ்வளவு இல்லை. ஏல்கோவில் இருப்பவை டிசி சீரிஸ் மோட்டார்கள். பளு கூடினால் தானே கொஞ்சம் வேகம் குறைந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். மாடலில் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வார்ம் கியர் இருக்கிறது. அது ஒருவழிப் பாதை: மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் மோட்டாரைச் சுற்றாது. அதனால் மெதுவான எஞ்சினை வேகமானது இழுத்துக்கொண்டு போக முடியாது. சக்கரம் தண்டவாளத்தில் தேயத்தான் முடியும். ரப்பர் டயர் போட்ட சக்கரமாக இருந்தால் டயர் சீக்கிரம் கழன்றுவிடும், மோட்டாரும் சுடும். ஆகவே வேகப் பொருத்தத்தை டீகோடருக்குள் நாம்தான் செய்துவைக்க வேண்டும். (டிசிசி என்பது தண்டவாளம் வழியே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை. அந்தக் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும், எஞ்சினுக்குள் இருக்கும் சிறு பலகைதான் டீகோடர். அதில் நாம் எழுதும் அமைப்பு எண்கள் சிவி.)

கீழே சொல்வதெல்லாம் எச்ஓ அளவுக்கு, அதாவது 1:87-க்கு. (நம் அகலப் பாதை 1,676 மி.மீ. இந்த அளவில் அது 19 மி.மீ.க்குச் சற்று மேல் வர வேண்டும். ஆனால் கிடைக்கும் மாடல்கள் பெரும்பாலும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. மீட்டர் கேஜ் ஒய்டிஎம்-4 வைத்திருப்பவர்களுக்குத் தண்டவாளம் 12 மி.மீ., முறை இதேதான்.)

எண்ணைத் தொடுவதற்கு முன்

பொருந்தாத ஜோடிகளில் பாதி, டீகோடர் எண்ணால் பொருந்தாதவை அல்ல. அழுக்குச் சக்கரம், காய்ந்த கிரீஸ், இறுகிய கியர் இவைதான் காரணம். இதைச் சரிசெய்யாமல் எண்ணை மாற்றினால் அழுக்குக்கு ஏற்ற எண் கிடைக்கும். சக்கரத்தைத் துடைத்த மறுநாள் பொருத்தம் போய்விடும்.

தண்டவாளத்தின் குறுக்கே ஒரு டிஷ்யூ தாளை விரித்து, அதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில துளி விட்டு, எஞ்சினின் ஒரு போகியைத் தாளின் மேலும் மற்றதை வெறும் தண்டவாளத்திலும் வைத்துப் பாதி வேகத்தில் சுற்ற விடுங்கள். கறுப்புக் கோடு விழுவது நிற்கும் வரை தாளை நகர்த்தி, பிறகு போகியை மாற்றுங்கள். உப்புத் தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. கீறல் விழுந்த சக்கரம் இன்னும் வேகமாக அழுக்குப் பிடிக்கும். கியர் பெட்டியில் பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கொள்ளும் எண்ணெய் ஒரு துளி, அச்சு முனைகளில் ஊசி முனையால் தொட்டு வைக்கும் அளவு. அதற்கு மேல் விட்டால் தண்டவாளத்துக்கு இறங்கிவிடும். சக்கரங்களின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு 14.4 மி.மீ. ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு எஞ்சினையும் தனியாக அரை மணி நேரம் ஓட விடுங்கள்: பதினைந்து நிமிடம் முன்னோக்கி, பதினைந்து நிமிடம் பின்னோக்கி. குளிர்ந்த மோட்டாரில் எடுத்த அளவும் சூடான மோட்டாரில் எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது. இரண்டையும் சூடான நிலையில்தான் ஒப்பிட வேண்டும்.

தண்டவாள மின்னழுத்தத்தையும் ஒரு தடவை பாருங்கள். எச்ஓ-வுக்கு 14 முதல் 15 வோல்ட் போதும். ஆர்டுயினோ மெகா பலகை வைத்து டிசிசி-இஎக்ஸ் என்ற கட்டுப்பாட்டுக் கருவியைத் தாங்களே கட்டியவர்கள், தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் மோட்டார் ஷீல்டு எல்298 வகை என்றால் அது தானே ஏறத்தாழ 2 வோல்ட் தின்னும் என்பதைக் கணக்கில் எடுங்கள். 12 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் தண்டவாளத்துக்கு வருவது 10-தான். சாதாரண மல்டிமீட்டர் ஏசி நிலையில் காட்டும் எண் தோராயமானது. ஆனால் இன்று, நாளை, வளையத்தின் இந்த முனை, அந்த முனை என்று ஒப்பிட அது போதும். முனைக்கு முனை ஒரு வோல்ட் வேறுபட்டால் இணைப்புக் கம்பிகளை முதலில் சரிசெய்யுங்கள்.

வேகத்தை அளப்பது

நேரான, சமமான தண்டவாளத்தில் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். எச்ஓ-வில் மாதிரி வேகம், மணிக்கு கி.மீ.யில்:

626 ÷ (2 மீட்டரைக் கடந்த வினாடி)

10.4 வினாடி எடுத்தால் 60 கி.மீ. 6.3 வினாடி என்றால் கிட்டத்தட்ட 100. மெதுவான வேகத்துக்கு 20 செ.மீ. தூரமே போதும், அப்போது 62.6-ஐ வினாடியால் வகுக்க வேண்டும். கோட்டுக்கு முன்பே எஞ்சின் நிலையான வேகத்துக்கு வந்திருக்க வேண்டும். அதனால் இருபுறமும் அரை மீட்டர் ஓட இடம் விடுங்கள். செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் விரல் பிசகு எளிதாக 0.2 வினாடி வரும். 5 வினாடி ஓட்டத்தில் அது 4 சதவீதம். ஆகவே மூன்று தடவை ஓட்டி நடு எண்ணை எடுங்கள்.

டீகோடரைச் சுத்தப் பலகை ஆக்குவது

யாரோ எப்போதோ மாற்றிய எண்கள் உள்ளே இருக்கலாம். ஆகவே தொழிற்சாலை நிலைக்குத் திருப்புங்கள். பல தயாரிப்புகளில் சிவி 8-ல் 8 எழுதினால் இது நடக்கும். சிலவற்றில் வேறு சிவி, கையேட்டைப் பாருங்கள். பிறகு முகவரியைக் (எஞ்சினை அழைக்கும் எண்) கொடுத்துவிட்டு சிவி 29-ஐக் கவனியுங்கள். இரண்டு எஞ்சினும் 28/128 வேகப் படி முறையில் இருக்க வேண்டும், பழைய அனலாக் (டிசிசி இல்லாத) ஓட்டம் அணைந்திருக்க வேண்டும். குட்டி முகவரி என்றால் சிவி 29-ல் 2, நீள முகவரி என்றால் 34. நீள முகவரியோடு 38 என்று படித்தால் அனலாக் இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள்.

சிவி 3-ம் சிவி 4-ம் பூஜ்யம். இவை வேகம் ஏறும், இறங்கும் தாமதங்கள். இவை இருந்தால் எஞ்சின் நிலை வேகத்துக்கு வரும் முன்பே கோட்டைத் தாண்டிவிடும். சத்த டீகோடர் என்றால் எஞ்சின் உறுமி முடித்த பிறகே நகரும் அமைப்பு ஒன்று இருக்கும், அதையும் நிறுத்துங்கள். ஒரு எஞ்சினில் சத்தம் இருந்து மற்றதில் இல்லாத ஜோடிகளில், கிளம்பும்போது ஒன்று மற்றதை உதைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது: பிஇஎம்எஃப். மோட்டார் சுழலும்போது திருப்பி உண்டாக்கும் மின்னழுத்தத்தை டீகோடர் அளந்து, பளு வந்தாலும் அதே வேகத்தைப் பிடித்து வைக்கும். தனியாக ஓடும்போது இது வரம். ஜோடியில் இரண்டு டீகோடரும் தன் வேகமே சரி என்று பிடிவாதம் பிடித்தால் ஒன்றை ஒன்று இழுத்தும் தள்ளியும் குலுங்கும். அணைப்பதா, குறைப்பதா என்பதை அளக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். அளந்து முடித்த பிறகு மாற்றினால் வேகக்கோடு முழுவதும் மாறி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிடும். எங்கள் பரிந்துரை: இரண்டு எஞ்சினும் ஒரே தயாரிப்பின் டீகோடர் என்றால் பிஇஎம்எஃப் இருக்கட்டும், அதன் வலிமையைப் பாதியாக்குங்கள். வேறு வேறு தயாரிப்பு என்றால் இரண்டிலும் அணையுங்கள். ஊர்ந்து போகும் அழகு கொஞ்சம் குறையும், ஜோடி நிம்மதியாக ஓடும்.

மெதுவானதே அளவுகோல்

இரண்டையும் உச்ச வேகத்தில் அளந்து, எது மெதுவோ அதையே அளவுகோலாக வையுங்கள். வேகமானதைக் குறைக்கலாம். மெதுவானதைக் கூட்ட முடியாது, ஏற்கெனவே அது முழு மின்னழுத்தத்தில் ஓடுகிறது.

அதோடு, உச்சத்தை நிஜத்துக்கு ஏற்றபடி இறக்கிவிடுவது நல்லது. கடையிலிருந்து வரும் சரக்கு எஞ்சின் மாடல் பல சமயம் 150 கி.மீ. வேகத்தில் பாயும். நெல் வேகன்களுக்கு 75 கி.மீ. தாராளம், அதாவது 2 மீட்டருக்கு 8.3 வினாடி. உச்சத்தைக் குறைத்தால் த்ராட்டிலின் எல்லாப் படிகளும் பயன்படும் வேகத்துக்குள் வந்துவிடும், பிஇஎம்எஃப்-க்கும் கையிருப்பு மின்னழுத்தம் மிஞ்சும். ஏற்றத்தில் அந்தக் கையிருப்புதான் கைகொடுக்கும்.

தொடும் சிவிகள் மூன்று: சிவி 2 தொடக்கம், சிவி 6 நடு, சிவி 5 உச்சம். வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் சிவி 2. த்ராட்டிலை முதல் படியில் வைத்து, சக்கரம் திக்கித் திணறாமல் மெல்ல நகரத் தொடங்கும் வரை ஒவ்வொரு எண்ணாகக் கூட்டுங்கள். இதை இரண்டு எஞ்சினிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், இரண்டின் எண்ணும் ஒன்றாக வராது. ஓடும் தண்டவாளத்திலேயே எழுதும் முறையைப் பயன்படுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணின் விளைவைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்து சிவி 5. இங்கே குருட்டாம்போக்கில் எண்ணைத் தட்ட வேண்டாம், ஒரு சிறு கணக்கு போதும். அளவுகோல் எஞ்சின் உச்சத்தில் 6.9 வினாடி, வேகமான எஞ்சின் 5.2 வினாடி, அதன் சிவி 5 இப்போது 255 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய எண்: 255 × 5.2 ÷ 6.9 = 192. எழுதி மறுபடி அளந்தால் 6.6 வினாடி வருகிறது என்றால்: 192 × 6.6 ÷ 6.9 = 184. இரண்டு மூன்று சுற்றில் கையில் வந்துவிடும். சில டீகோடர்களில் சிவி 5-ல் 0 அல்லது 1 இருந்தால் அது முழு வேகம் என்று பொருள். அப்படிப் படித்தால் 255 என்றே கொண்டு கணக்கிடுங்கள்.

பிறகு சிவி 6. சிவி 2-க்கும் சிவி 5-க்கும் நடுவான எண்ணில் தொடங்குங்கள். 126 படியில் (128 படி முறையில் ஓட்டத்துக்கு உள்ளவை 126) 63-ம் படி வைத்து, அதே வகுத்தல் கணக்கில் அளவுகோல் எஞ்சினோடு சேருங்கள். சில டீகோடரில் சிவி 6 இருக்காது. அவற்றுக்குக் கீழே வரும் வேக அட்டவணைதான் வழி.

வளையத்தில் துரத்த விடுவது

ஸ்டாப்வாட்ச் அருகில் கொண்டுவரும், கண்தான் முடிக்கும். இரண்டு எஞ்சினையும் ஒரே வளையத்தில், கோர்க்காமல், ஒரு முழம் இடைவெளியில் விடுங்கள். த்ராட்டிலில் இரண்டுக்கும் ஒரே படி. ஐந்து சுற்று பாருங்கள். இடைவெளி சுற்றுக்கு ஒரு எஞ்சின் நீளத்துக்குள் மாறினால் அந்த வேகத்துக்குப் போதும். ஒரு சுற்று 5 மீட்டர் என்றால் அது 4 சதவீதம், கப்ளர் ஆட்டத்தில் அது அடங்கிவிடும். நுனி வரை துல்லியம் தேடி ஒரு வாரம் செலவழிப்பதில் பயன் இல்லை, அடுத்த முறை சக்கரம் துடைக்கும்போது அந்த நுனி போய்விடும். ஆனால் தொடக்க வேகத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டும் ஒரே படியில் அசையத் தொடங்க வேண்டும். ஒன்று நிற்க மற்றது கிளம்பினால் நிற்பது வெறும் பிரேக்.

அதன் பிறகு கோர்த்து, கப்ளரைக் கிட்டத்தில் குனிந்து பாருங்கள். நிலையான வேகத்தில் இரண்டு கொக்கிகளுக்கும் நடுவில் உள்ள வெளி ஒரு பக்கமே ஒதுங்கி இருக்க வேண்டும். முன் எஞ்சின் இழையளவு வேகமாக இருந்து கொக்கி இழுபட்ட நிலையில் நிற்பது நல்லது. கொக்கி டிக் டிக் என்று மாறி மாறி இழுபட்டும் முட்டியும் ஆடினால், வேகம் சேர்ந்திருந்தாலும் இரண்டு பிஇஎம்எஃப்-களும் மல்லுக்கட்டுகின்றன. வலிமையை இன்னும் குறையுங்கள்.

பின்னோக்கி ஓடும் எஞ்சின்

இரண்டில் ஒன்று பின்புறம் திரும்பி நிற்பது சகஜம். அப்போது ஒன்றின் முன்னோட்டம் மற்றதன் பின்னோட்டத்தோடு சேர வேண்டும். ஒரே எஞ்சினே இரண்டு திசையிலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. முன்னோக்கி 6.9 வினாடி, பின்னோக்கி 7.3 வினாடி என்றால் சிவி 95-ஐ மாற்றலாம். 128 என்பது சமநிலை. 128 × 7.3 ÷ 6.9 = 135 என்று எழுதினால் பின்னோட்டம் அந்த விகிதத்தில் கூடும். முன்னோட்டத்துக்கு இதே வேலையைச் செய்வது சிவி 66. சில டீகோடரில் வேக அட்டவணை இயங்கினால்தான் இவை வேலை செய்யும். எண்ணை மாற்றியும் வேகம் அசையவில்லை என்றால் அதைச் சந்தேகியுங்கள்.

மூன்று புள்ளி போதாதபோது

ஒரே தயாரிப்பு, ஒரே டீகோடர் என்றால் மூன்று சிவியோடு வேலை முடிந்துவிடும். ஏல்கோவோடு இஎம்டி என்ற வேறு வகை டீசலான டபிள்யூடிஜி-4-ஐச் சேர்க்கும்போது நடுவில் வேகக்கோடுகள் பிரிந்து நிற்கும். அப்போது சிவி 29-ல் 16 கூட்டி (2 இருந்தால் 18, 34 இருந்தால் 50) வேக அட்டவணையைத் திறங்கள். சிவி 67 முதல் 94 வரை 28 புள்ளிகள். இதைக் கையால் ஒவ்வொன்றாக எழுதுவது வீண் வேலை. ஜேஎம்ஆர்ஐ இலவச மென்பொருளின் டீகோடர்ப்ரோவில் 28 கம்பிகளாக அட்டவணை தெரியும். 1, 7, 14, 21, 28 என்ற ஐந்து புள்ளிகளை மட்டும் அளந்து சேர்த்து, இடையில் உள்ளவற்றை நேர்கோட்டில் நிரப்பினால் போதும். எந்தப் புள்ளியும் முந்தையதைவிடக் குறையக் கூடாது. குறைந்தால் த்ராட்டிலைக் கூட்டும்போது ரயில் தடுமாறும்.

கோர்ப்பு முகவரி

வேகம் சேர்ந்த பிறகுதான் கோர்ப்பு, அதாவது இரண்டு எஞ்சினையும் ஒரே முகவரியில் ஓட வைப்பது. நாங்கள் சிவி 19 வழியையே விரும்புகிறோம். கோர்ப்பு எண் டீகோடருக்குள்ளேயே இருப்பதால், கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றினாலும் ஜோடி பிரியாது. ஜோடிக்கு 47 என்று முகவரி வைத்தால் முன் எஞ்சினின் சிவி 19-ல் 47. பின் எஞ்சின் திரும்பி நின்றால் அதில் 47 + 128 = 175. இதை மறந்தால் இரண்டும் எதிரெதிரே இழுக்கும். செல்போனில் எஞ்சின் டிரைவர் செயலியால் ஓட்டுபவர்கள் சிவி 19 இல்லாமலே கோர்க்கலாம். அந்தச் செயலி ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியாகக் கட்டளை அனுப்பும்.

விளக்கும் ஹாரனும் சிவி 21, 22-ல். முன் எஞ்சினில் மட்டும் ஹாரன் (எஃப்2 பொத்தான்), இரண்டிலும் சத்தம் அணைப்பது (எஃப்8) வேண்டுமானால் முன் எஞ்சின் சிவி 21-ல் 2 + 128 = 130, பின் எஞ்சினில் 128. உங்கள் டீகோடரில் எஃப்8 வேறு வேலை செய்தால் அதற்கேற்ப மாற்றுங்கள். விளக்கு முன் எஞ்சினில் மட்டும் எரிய, அதன் சிவி 22-ல் 3, பின் எஞ்சினில் 0.

ஜோடியைப் பிரித்துத் தனியாக ஓட்ட முயலும்போது எஞ்சின் அசையாமல் நின்றால் டீகோடர் செத்துவிட்டதாகப் பதற வேண்டாம். சிவி 19-ஐப் படியுங்கள், அதில் பழைய கோர்ப்பு எண் இருக்கும். பூஜ்யம் எழுதினால் உயிர் வந்துவிடும்.

கடைசியாகத் தாமதங்களைத் திருப்பிக் கொடுங்கள். சிவி 3-ல் ஒரே எண்ணை எழுதினால் ஒரே தாமதம் வரும் என்று நம்பாதீர்கள். பொது விதிப்படி எண்ணை 0.896-ஆல் பெருக்கினால் நின்ற நிலையிலிருந்து உச்சம் வரை ஆகும் வினாடி. சில டீகோடரில் 0.25-ஆல் பெருக்க வேண்டும். ஒன்றில் 13, மற்றதில் 48 எழுதினால்தான் இரண்டும் ஏறத்தாழ 12 வினாடியில் உச்சத்துக்கு வரும். எண்ணைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சேருங்கள். சிவி 4-க்கும் அதேதான்.

பளுவோடும் மழைக்காலத்திலும்

நம் பக்கத்து நிஜப் பாதை தட்டை. வீட்டுப் பலகையில் ஒரு பாதையை மற்றொன்றின் மேல் ஏற்ற 2 சதவீத ஏற்றம் வைத்திருப்பீர்கள். பதினைந்து இருபது வேகன் கோர்த்து ஏற்றத்தில் ஒரு முறை, இறக்கத்தில் ஒரு முறை கப்ளரைக் கவனியுங்கள். பிஇஎம்எஃப் ஒன்றில் மட்டும் இருந்தால் தட்டையில் சேர்ந்த ஜோடி ஏற்றத்தில் பிரியும்: ஒன்று வேகத்தைப் பிடிக்கும், மற்றது தளரும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று தண்டவாளத்தைச் சீக்கிரம் கறுக்க வைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிளைவுட் ஈரம் குடித்து உப்பும், சமமாக இருந்த அளவுப் பாதை சாய்ந்துவிடும். பலகையின் மேல், கீழ், ஓரம் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்து மூடியிருந்தால் இது பெரும்பாலும் தப்பும். மழைக்காலம் முடிந்ததும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சக்கரமும் தண்டவாளமும் துடைத்து, பிறகே மறு அளவு எடுங்கள். துடைத்ததும் பழைய வினாடிகளே திரும்பி வந்தால் ஒரு சிவியையும் தொட வேண்டியதில்லை.

அதற்காகவே ஒவ்வொரு எஞ்சினுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: தேதி, தண்டவாள மின்னழுத்தம், பிஇஎம்எஃப் இருந்ததா, முன்னும் பின்னும் மூன்று படிகளில் வினாடி, எல்லா சிவி எண்களும். மூன்றாவது எஞ்சின் வாங்கும் நாளில் அதை அளவுகோல் எஞ்சினோடு மட்டும் சேர்த்தால் போதும், மற்றதோடும் அது தானே சேர்ந்துவிடும்.